மூணே முக்கால் பவன் சீஸ்

திங்கள், ஜூன் 9

மழை. விடிந்ததிலிருந்து விட்டபாடில்லை. துவைத்தது ஒன்றும் காயவில்லை. சாருவின் பாவாடை ரெண்டும் ஃப்ரிட்ஜ் பின்னால் தொங்குகிறது.

நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு. இந்தத் தடவை கையில் மருந்துச் சீட்டு இல்லை, சாப்பாட்டுச் சீட்டு. டாக்டர் சொன்னது: மூணு மருந்து பார்த்தாச்சு, வலிப்பு எதுக்கும் அடங்கவில்லை. இனி சாப்பாட்டை மாற்றித்தான் பார்க்கணும். ஒரு மாசம் கழித்து வாங்க. குறைந்திருந்தால் தொடரலாம், இல்லையென்றால் நிறுத்திடலாம். "நிறுத்திட்டு அப்புறம்?" என்று இவர் கேட்டார். டாக்டர் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார்.

சாப்பாடு என்று பேர்தான். சாதம் கிடையாது. இட்லி, தோசை, பழம், சர்க்கரை, எதுவும் கிடையாது. வெண்ணெய், க்ரீம், தேங்காயெண்ணெய், சீஸ். ஐந்து வயசுக் குழந்தைக்கு. கொழுப்பிலேயே உடம்பு ஓடினால் மூளை அமைதியாகுமாம். டயட்டீஷியன் பெண் (தெற்றுப்பல், நல்ல மாதிரி) சீட்டைக் கொடுக்கும்போது சொன்னாள்: "சேச்சி, எல்லாம் கிராம்ல. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஊகம் வேண்டா, கேட்டோ."

மத்தியானத்துக்கு:
சீஸ் 30
வெண்ணெய் 15
க்ரீம் 40
வெள்ளரிக்காய் 20
தே. எண்ணெய் 10
ராத்திரிக்கும் ஏறக்குறைய இதே.

வெண்ணெய் பாக்கெட்டில் கோடு இருக்கிறது. எண்ணெய், க்ரீமுக்கு மருந்து ஊட்டுகிற சிரிஞ்ச். எல்லாவற்றுக்கும் வழி இருக்கு, இந்த சீஸுக்கு மட்டும் இல்லை. சாலைக் கடைத்தெருவில் நாலு கடை ஏறி இறங்கியாச்சு, டின்தான் வருகிறது. உருண்டையாக, மஞ்சளாக, நானூறு கிராம். "அதைப் பதிமூணேகாலே சொச்சம் துண்டா வெட்டினா ஒண்ணு முப்பது கிராம்" என்கிறார் இவர். பாங்கில் வேலை பார்த்தால் இப்படித்தான். கட்டியாகக் கொடுத்தால் சாரு துப்புகிறாள், துருவி க்ரீமில் கலந்தால்தான் உள்ளே போகிறது.

தராசு ஒன்று வாங்கினோம். பச்சை பிளாஸ்டிக். சும்மா இருக்கும்போதே முள் பத்தில் நிற்கிறது. தட்டினால் பூஜ்யம், இன்னொரு தட்டு தட்டினால் இருபது. நல்ல தராசு, நம்பர் காட்டுகிறது, சென்னையிலிருந்து வரணும். இவருடைய பாங்கில் யாரோ ஒருவரின் தம்பி கொண்டுவருவாராம். எப்போ என்றால் "வரும்போது".

அக்கா டின்னை மூக்கருகே கொண்டுபோய்விட்டு உடனே நீட்டிப் பிடித்தாள். "இதுல கன்னுக்குட்டி வயித்தைச் சேக்கறாளாமே." சைவம் என்று டின்னில் போட்டிருக்கிற பச்சைப் பொட்டைக் காட்டினேன். "பொட்டு யார் வேணும்னாலும் வெச்சுப்பா" என்றாள். ஆனால் டின்னை வெட்டித் திறந்தது அவள்தான். இவருடைய அக்கா. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, எங்களோடுதான். சாருவுக்கு அத்தை. நான் ஆபீஸ் போகிற நாளில் அம்மாவும் அவள்தான்.

இன்று ஆறு தடவை. வலிப்பு என்று தினம் முழுசாக எழுதக் கை வரவில்லை. இனி வ.

செவ்வாய், ஜூன் 10

மழை இல்லை, புழுக்கம். வ. ஐந்து.

பழவங்காடி நெட் கஃபே. ஒரு மறைப்புக்குள் நானும் இவரும் முட்டிக்கொண்டு. துருவின சீஸ் ஒரு கப் எத்தனை கிராம். அமெரிக்காவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, ஆனால் ஆளுக்கொன்று. ஒரு பக்கம் நாலு அவுன்ஸ், அதாவது 113 கிராம். இன்னொரு பக்கம் 100. மூணாவது பக்கம் பதில் சொல்லாமல் நம்மையே கேட்கிறது: தளர்வாகவா, அமுக்கியா? பெரிய துருவலா, பொடியா?

அவர்கள் கப் 240 மில்லி. நம் வீட்டு ஆழாக்கு எத்தனை மில்லி என்று இவருக்கும் தெரியவில்லை, அக்காவுக்கும் தெரியவில்லை. "ஆழாக்குன்னா ஆழாக்கு" என்றாள் அக்கா. இத்தனை வருஷமாக அதில்தான் அரிசி அளக்கிறோம்.

திரும்பி வந்து ஆழாக்கில் துருவிப் போட்டுப் பார்த்தேன். பெரிய துளையில் துருவினால் மலை மாதிரி நிற்கிறது. தரையில் லேசாகத் தட்டினால் பாதி இறங்கிவிட்டது. அதே சீஸ், அதே ஆழாக்கு. எதை நம்ப? குழந்தையின் தலை இதில் தொங்குகிறது, நான் ஆழாக்கைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அழுகையாக வந்தது. அழுதேன். சாரு பார்த்துவிட்டு, "ஆழாக்கு கெட்டதா அம்மா?" என்றாள்.

புதன், ஜூன் 11

அக்காவின் யோசனை. காலையில் காப்பி கலந்துகொண்டே: "ஆசாரிகிட்டப் போனா என்ன? மூக்குத்தியையே நிறுக்கறவன்."

எனக்குத் தோன்றவே இல்லை பாரு.

கோட்டைக்கு வெளியே நகைப்பட்டறை. அக்காவின் வளையலைப் பற்றவைத்த அதே ஆசாரி. நாகர்கோவில் பக்கத்து ஆள். டப்பாவைத் திறந்ததும் முகத்தைச் சுளித்தார். "இது என்ன சாதனம்மா, சோப்பா?" விஷயத்தைச் சொன்னேன். சாரு என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலையில் கட்டியிருந்த மெத்தைத் தொப்பியை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் எழுந்து ஃபேனை நிறுத்தினார். "காத்துல கனம் ஆடும்."

தட்டில் பட்டர் பேப்பர் போட்டுத்தான் வைத்தார். "வாசனை புடிச்சிரும்லா. அடுத்தாப்ல தாலி நிறுக்கணும்." கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டோம். முப்பதில் நின்றது. அவருக்கு கிராம் போதவில்லை, மனசுக்குள் கணக்குப் போட்டார். "மூணே முக்கால் பவன்."

நான் கொண்டுபோயிருந்தது சாருவின் வெள்ளிக் கிண்ணம். அன்னப்ராசனத்துக்கு அக்கா வாங்கினது, முதல் பாயசம் அதில்தான். நிறுத்த சீஸை அதில் கொட்டிப் பார்த்தோம். பெரிய துருவல் வழிந்தது. பொடித் துளையில் துருவி, அமுக்காமல், மேலே கத்தி முதுகால் வழித்துத் தலை தட்டினால் விளிம்போடு விளிம்பு, சரியாக முப்பது. மறுபடியும் செய்தோம். மறுபடியும் முப்பது. மூணாவது தடவை ஆசாரி, "போதும்மா, கை முழுக்க எண்ணெயாயிடுச்சு" என்றார்.

ஆக விதி: பொடித் துளை. அமுக்கக் கூடாது. கிண்ணத்தைத் தரையில் தட்டக் கூடாது. கத்தி முதுகு.

இவர் ராத்திரி சிரித்தார், ரொம்ப நாளைக்கப்புறம். "பொண்ணுக்கு ஒரு வேளைக்கு மூணே முக்கால் பவன். கல்யாணத்துக்கு என்ன பண்ணுவேன்?" அக்காவும் சிரித்தாள். நானும்தான்.

சனி, ஜூன் 14

மூத்திரத்தில் பட்டையை நனைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், உடம்பு கொழுப்பில் ஓடுகிறதா என்று. இதுவரை பழுப்பு, இளஞ்சிவப்பு. இன்று கத்தரிப்பூ நிறம். டப்பாவின் மேல் ஒட்டியிருக்கிற கட்டங்களில் கடைசிக் கட்டம். அதுதான் வேணும். ஓடிப்போய் இவருக்குக் காட்டினேன், ஷேவிங் சோப்போடு உட்கார்ந்திருந்தவர் பட்டையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

வ. ரெண்டு. ரெண்டும் லேசு, தலை ஒரு ஆட்டம், அவ்வளவுதான். டம்ளர் கையிலிருந்து விழக்கூட இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடும்போல இருக்கு.

மறக்காமல்: பற்பசையில் சர்க்கரை இருக்காம். மாற்றணும். கேஸ் புக் பண்ணணும்.

திங்கள், ஜூன் 16

லீவு தீர்ந்தது. ஆபீஸ். மேஜை மேல் ஃபைல் மூக்கு வரை.

மத்தியானச் சாப்பாடு இனி அக்கா கையில். நேற்று பூரா அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பொடித் துளை, அமுக்காமல், கத்தி முதுகு. "எத்தனை தரம் சொல்லுவே. நான் என்ன பச்சைக் குழந்தையா?" என்றாள். என் முன்னால் அளந்து காட்டினாள். குவித்துப் போட்டு, ஒரே இழுப்பில் தலை தட்டினாள். என்னைவிடச் சுத்தமாக.

"தலை தட்டறது எனக்குப் பழக்கமே இல்லை" என்றாள். அரிசி அளந்தாலும் கும்பம் வைத்து அளக்கிறவள். யாருக்கானாலும் தலை தட்டிப் போட்டதில்லை, குழந்தைக்குப் போய்த் தட்டணுமே என்று. எனக்கு மட்டும் தட்ட ஆசையா என்ன.

வ. ஒண்ணு.

வியாழன், ஜூன் 19

மழை. குடை பஸ்ஸில் போச்சு.

பட்டை வெளுத்துவிட்டது. நேற்று சந்தேகமாக இருந்தது, இன்று சந்தேகமில்லை. இளஞ்சிவப்பு. வ. நாலு. நாலாவதில் வாசற்படியில் இடித்துக்கொண்டாள், தொப்பி இல்லாத இடத்தில். புருவத்துக்கு மேல் வீங்கியிருக்கிறது.

ஆபீஸ் போனிலிருந்து டயட்டீஷியனைக் கூப்பிட்டேன். என்ன கொடுத்தோம் என்று வரிசையாகக் கேட்டாள். சீஸைக் கிண்ணத்தில் அளக்கிறோம் என்றேன். "சேச்சி, நான் அன்னைக்கே சொன்னேனில்லே, கிராம்னு." ஆசாரியிடம் நிறுத்துத்தான் கிண்ணம் பிடித்தோம் என்றேன். கோபப்படவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. மழைக்காலத்தில் சீஸ் ஈரம் பிடிக்கும், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் துருவினால் ஒரு மாதிரி விழும், குளிர் விட்ட பின் துருவினால் ஒரு மாதிரி படியும், அதே கிண்ணத்தில் கனம் மாறும் என்றாள். சீஸ் கூடினாலும் ஆபத்துதான், கொழுப்போடு புரோட்டீனும் சேர்ந்து போய்க் கணக்கைக் கெடுக்கும். அப்போ நான் என்ன செய்ய என்றேன். தராசு வரட்டும், அதுவரை கவனமாக இருங்கள் என்றாள்.

கவனமாக இருங்கள். இதைவிடக் கவனமாக எப்படி இருப்பது?

வெள்ளி, ஜூன் 20

இவரோடு சண்டை. ஆரம்பம் தராசு, முடிவு எங்கெங்கோ. "அந்தத் தம்பி எப்போதான் வரப்போறார்" என்றேன். "நான் போய்த் தூக்கிண்டு வரட்டுமா?" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி: "அக்கா கோவில் பிரசாதம் ஏதாவது குடுத்திருப்பாளோ?"

தாழ்த்தின குரல் போதவில்லை. அக்கா சமையலறை வாசலில். கையில் தோசைத் திருப்பி. "பகவான் பிரசாதத்தைக்கூட நான் வாசல்லயே வாயில போட்டுண்டு, கையை அலம்பிண்டு உள்ள வரேன். போய்ச் சட்டியெல்லாம் திறந்து பாருங்கோ ரெண்டு பேரும்." இவர் முகம் செத்துப்போச்சு. அவள் பொய் சொல்கிறவள் இல்லை. எனக்கும் தெரியும், இவருக்கும் தெரியும்.

நான் வேலைக்குப் போன வாரத்திலிருந்துதான் வெளுத்தது. அதை யாரும் சொல்லவில்லை. நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன், போதும்.

வ. ஐந்து.

சனி, ஜூன் 21

ஆபீஸ் விட்டு வீட்டுக்கு வந்ததும் ஆசாரி பட்டறை. துருவி, சீஸ், கிண்ணம், கத்தி, எல்லாம் பையில். என்னைப் பார்த்ததுமே ஃபேன் ஸ்விட்சுக்குக் கை போனது. மனுஷர்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தது கொஞ்சம், வெளியில் வைத்தது கொஞ்சம், ரெண்டையும் அளந்து நிறுத்தோம். ஒன்று முப்பதுக்கு ஒரு நூல் கூட, ஒன்று ஒரு நூல் குறைச்சல். "இந்த வித்யாசத்துல ஒரு குன்றிமணி தங்கம்கூட வராதும்மா" என்றார். கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கிண்ணம் பொய் சொல்லலை" என்றார்.

கிண்ணம் பொய் சொல்லவில்லை. அக்கா பொய் சொல்லவில்லை. அப்போ யார்? வரும் வழியில் பத்மதீர்த்தக் கரையில் கொஞ்ச நேரம் நின்றேன், வேண்டிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. என்னவென்று கேட்பது. நல்ல அளவு கொடு என்றா?

இன்று வ. எத்தனை என்று அக்காவிடம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஞாயிறு, ஜூன் 22

தெரிந்துவிட்டது.

மத்தியானம் நானே அளந்தேன். சாரு சமையலறைத் தரையில், பக்கத்தில். கிண்ணத்தில் போட்டு, கத்தி முதுகால் வழித்தேன். வழித்தது தட்டில் விழுந்தது, ஒரு சிட்டிகைதான். அதை எடுத்து டப்பாவில் போடப் போனேன். சாரு உள்ளங்கையை நீட்டினாள். கேட்கக்கூட இல்லை. பூசையில் தீர்த்தத்துக்கு நீட்டுகிற மாதிரி, குழித்து, இடது கையைக் கீழே கொடுத்து.

"என்னடா?"

"பொடி."

"எந்தப் பொடி?"

"தட்டின பொடி. எனிக்கு. அத்தை தருவாளே. அத்தை தட்டினா நெறைய விழும்."

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அவள் கையை மடக்கவில்லை, நீட்டியபடியே இருந்தாள்.

அப்போதுதான் புரிந்தது. அக்கா கும்பமாகக் குவித்துப் போடுகிறாளே, அவ்வளவும் தட்டில் விழும். விழுந்ததைக் குழந்தை கையில் கொடுப்பாள். மத்தியானமும் கொடுத்து, நான் வர லேட்டானால் ராத்திரிக்கும் அவளே அளந்து, அப்போதும் கொடுப்பாள். கிண்ணத்தில் முப்பது. கையில் எத்தனையோ.

சாயங்காலம். அக்காவிடம் கேட்டேன். கத்தணும் என்றுதான் போனேன். மறைக்கவே இல்லை அவள். மறைக்க ஏதோ இருப்பதாகவே அவளுக்குத் தெரியவில்லை.

"ஆமா, குடுத்தேன். கிண்ணத்துல நீ சொன்ன அளவு சரியாத்தானே இருந்தது? நான் ஒரு துளி கூட்டலையே."

"அக்கா, வயத்துக்குள்ள போறதுதான் கணக்கு. கிண்ணம் இல்லே."

"குழந்தைக்குன்னு துருவினது. அது கண்ணு முன்னாடி வழிச்சு எடுத்து டப்பால திருப்பிப் போடறதா? போட்டதைத் திருப்பி எடுக்கறது எங்காத்துல உண்டா? உங்காத்துல உண்டா?"

எங்காத்திலும் கிடையாது.

"குவிச்சு ஏன் அளந்தேள்?"

அக்கா புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "பசிக்கறதுன்னு சொல்றது. நீ ஆபீஸ் போயிடறே. அவன் பாங்குக்குப் போயிடறான். என்கிட்டதான் சொல்றது. 'அத்தை, ஒரு பிடி மம்மம்'னு. மம்மம் குடுக்கப்படாது. அப்பளம் குடுக்கப்படாது. நான் என்னத்தைத்தான் குடுப்பேன்?"

அவள் அழவில்லை. நான்தான். திட்டப் போனவள் அவள் மடியிலேயே சாய்ந்துகொண்டு. வெட்கக்கேடு.

செவ்வாய், ஜூன் 24

அக்கா அடுப்படிக்கு வருகிறாள், குழந்தை சாப்பாட்டுப் பக்கம் வருவதில்லை. காலையில் நானே எல்லாம் அளந்து சின்ன டப்பாக்களில் மூடி வைக்கிறேன், அவள் எடுத்துக் கொடுக்க மட்டும். டப்பாவை இடுக்கியால் தொடுகிற மாதிரி தொடுகிறாள். வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. இவர் ரெண்டு பேருக்கும் நடுவில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு.

சாரு, அளக்கும்போதெல்லாம் கையை நீட்டுகிறாள். "பொடி இல்லேடா." "ஏன்?" "டாக்டர் மாமா வேண்டாம்னுட்டார்." "கொஞ்சூண்டு?" "கொஞ்சூண்டும்." கையை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொள்கிறாள். அழுதால் தேவலை.

இனி அவள் கண்ணில் படாமல் அளக்கணும். எழுப்புவதற்கு முன்னால்.

சனி, ஜூன் 28

தராசு வந்தது. கடைசியில். வெள்ளை நிறம், தீப்பெட்டி மாதிரி சின்னது, பச்சை நம்பர். இவர் மேஜை மேல் வைத்து, சமமாக இருக்கிறதா என்று கோலிக்குண்டு உருட்டிப் பார்த்தார்.

முதல் காரியம், வெள்ளிக் கிண்ணம். துருவி, தலை தட்டி, நிறுத்தேன். 30. இன்னொரு தடவை. 30. ஆசாரி சொன்னது சரி. கிண்ணத்தை அலம்பி அலமாரியில் வைத்துவிட்டேன். இனி அதற்கு வேலை இல்லை.

பட்டை சிவப்பு, கொஞ்சம் நீலம் கலந்து. வ. மூணு.

புதன், ஜூலை 2

கத்தரிப்பூ. வ. இல்லை.

வ. இல்லை என்று எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

பால்காரனுக்குச் சொல்லணும், ஒரு பாக்கெட் குறைச்சுக்கொள்ள.

திங்கள், ஜூலை 7

ஆஸ்பத்திரி. காலை எட்டுக்குப் போய், கூப்பிட்டது பன்னிரண்டுக்கு. பக்கத்து பெஞ்சில் ஒருத்தர் பொரோட்டா பிய்த்துத் தின்றார், சாரு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைத் திருப்பித் திருப்பிச் சுவரில் ஒட்டியிருந்த முயல் படத்தைக் காட்டினேன்.

நாங்கள் குறித்து வைத்ததையெல்லாம் டாக்டர் பார்த்தார். நடுவில் ஏன் கூடினது என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். "அளவுல ஒரு சின்னத் தப்பு, சரி பண்ணியாச்சு" என்றேன். அக்கா பேரை எடுக்கவில்லை. கிண்ணத்து விஷயம் தெரிந்த டயட்டீஷியன் தலையைக் குனிந்துகொண்டாள்.

குறைந்திருக்கிறது, தொடரலாம் என்றார். ஜூலை பிறந்ததிலிருந்து ஒன்றுகூட இல்லை.

"எத்தனை நாளைக்கு?" என்றேன்.

"ரெண்டு வருஷம். எப்படிப் போகுதுங்கறதைப் பொறுத்து."

ரெண்டு வருஷம். நல்ல செய்திதான். இவர் சந்தோஷத்தில் ஆட்டோக்காரரிடம் பேரம்கூடப் பேசவில்லை. நான் ஆட்டோவில் வரும் வழியெல்லாம் பார்த்தேன், எத்தனை ஹோட்டல், எத்தனை பேக்கரி. ரெண்டு வருஷம் இந்த ரோட்டில் எந்தப் பக்கம் இவள் முகத்தைத் திருப்புவேன்?

வீட்டில் அக்கா விளக்கேற்றினாள். விஷயத்தைச் சொன்னதும் "ரெண்டு வருஷமா" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிறு, ஜூலை 13

நல்ல வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

காலையில் வ. பெரிசு. கொல்லையில், செம்பருத்தி பறித்துக்கொண்டிருந்தவள் அப்படியே விழுந்துவிட்டாள். நான் பிடிக்கிறதுக்குள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரத்தம் கொஞ்சம்.

பட்டை கத்தரிப்பூ. நேற்று கத்தரிப்பூ, முந்தாநாள் கத்தரிப்பூ. சீஸ் 30, வெண்ணெய் 15, க்ரீம் 40. எல்லாம் தராசில். எல்லாம் என் கையால். பிரசாதம் இல்லை, பொடி இல்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எங்கும் தப்பு இல்லை.

தப்பு இருந்திருக்கக் கூடாதா. அக்கா ஏதாவது கொடுத்திருக்கக் கூடாதா என்றுகூட ஆசைப்பட்டேன், சொன்னால் பாவம். கொடுத்திருந்தால் நிறுத்தலாமே. இப்போ எதை நிறுத்த?

டயட்டீஷியனைப் பிடிக்க முடியவில்லை, ஞாயிற்றுக்கிழமை. தெரிந்த இன்னொரு டாக்டர் போனில், "இப்படி ஒண்ணு ரெண்டு வரும், பயப்படாதீங்க, நிறுத்தாதீங்க" என்றார். இவர் ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு, எங்கேயும் போகாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

மத்தியானம். சாரு தேறி உட்கார்ந்துவிட்டாள், களைப்பாக. முன்னால் அவளுடைய கலவை. பக்கத்தில் எங்களுக்கு இலை போட்டிருந்தது. அக்கா அலமாரியைத் திறந்து வெள்ளிக் கிண்ணத்தை எடுத்தாள். என்னவோ என்று பார்த்தேன். அதில் தனக்குச் சாதம் போட்டுக்கொண்டாள். கும்பமாகக்கூட இல்லை, கொஞ்சம் மேலே. கத்தியை எடுத்து, முதுகால் வழித்துத் தலை தட்டினாள். வழித்த சாதம் தட்டில் விழுந்தது. கிண்ணத்தை இலையில் கவிழ்த்தாள். அவ்வளவுதான் அவளுக்கு. ஒரு கவளம்கூடத் தேறாது.

"என்னக்கா இது?" என்றார் இவர்.

"ஆத்துல ஒருத்தருக்கு மட்டும் தட்டப்படாது. தட்டினா எனக்கும்தான்."

சாரு தன் கலவையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டில் விழுந்த சாதத்தைப் பார்த்தாள். கையை நீட்டுவாள் என்று நினைத்தேன், அக்காவும் அதைத்தான் நினைத்திருக்கணும், முகம் வெளுத்துவிட்டது.

நீட்டவில்லை. தட்டை அருகில் இழுத்தாள். விழுந்த சாதத்தைப் பொறுக்கி, ஒவ்வொரு பருக்கையாக, சாதப் பானையில் திருப்பிப் போட ஆரம்பித்தாள். நான் டப்பாவில் போடுவேனே, அதே மாதிரி. "பொடி இல்லே அத்தை" என்றாள். "கொஞ்சூண்டும் இல்லே."

அக்கா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டாள்.

எல்லாம் போட்டு முடிந்தும் விரல் நுனியில் ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வாய்க்குக் கொண்டுபோகாமல் என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அம்மா, இது எத்தனை கிராம்?"

ஆசாரி தராசில்கூட நிற்காது. என் புடவைத் தலைப்பால் அந்த விரலைத் துடைத்துவிட்டேன்.